நாணயமும் நாணயமின்மையும்

நாணயம் என்னுஞ் சொல் நம் தாய்மொழியிற் காசினையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஆயின் நாணயத்தை விற்போர் அனைவரும் நாணயமுடையார் அல்லர் என்பதைப் பழங்காசு திரட்டும் நண்பர்கள் பொருளிழந்தே கற்கின்றனர். முன்னாளிற் சென்னை மாணவர் பழம்பொருள் வேண்டின் மூர் மார்க்கெட்டிற்குச் செல்வர். 1985-ஆம் ஆண்டு தீக்கிரையான அவ்வங்காடியிலே காசைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தல் கூடும்; விற்பவர் முகத்தையும் பார்த்தல் கூடும். இந்நாளிலோ இணையத்தின் வாயிலாகக் கடல்கடந்த நாட்டு வணிகரிடம், படத்தை மாத்திரம் கண்டு வாங்குகின்றோம். ஆதலின் இதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

குமணன்சாவடியிலிருந்து நாடோறும் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி ஈட்டிய பணத்தைக்கொண்டு, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு ரூபாயொன்றை அயல்நாட்டு வணிகர் ஒருவரிடம் வாங்கினார். 1938-ஆம் ஆண்டின் ரூபாய் எளிதிற் கிடைப்பது; 1939-ஆம் ஆண்டினதோ மிக அரிது. காசு வந்ததும் எம்மிடம் கொணர்ந்தார். நிறுத்துப் பார்த்தோம்; நிறை சரியாயிருந்தது. வெள்ளியும் மெய்யான வெள்ளியே. யாமும் மகிழ்ந்து அவரைப் பாராட்டி அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கியபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. எட்டின் கீழ்வளையத்தில் ஒரு பகுதியைச் சுரண்டி அதனை ஒன்பதாக்கியிருந்தனர்! முறையிடுதற்குரிய காலமும் அதற்குள் கடந்துவிட்டது. இவ்விழப்பில் எமக்கும் பங்குண்டு. நிறையையும் உலோகத்தையும் மட்டும் நோக்கி அமைந்தது எமது பிழையே.

நிற்க. போலிக் காசுகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, மெய்க்காசைப் பார்த்து வார்த்தனவும் அச்சிட்டு அடித்தனவும். இரண்டாவது, மேற்கூறியதுபோல மெய்க்காசிலே எண்ணையோ குறியையோ மாற்றியன. மூன்றாவது, எந்நாளிலும் எவ்வரசும் வெளியிடாத கற்பனைக் காசுகள்.

மூன்றாம் வகைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. ஒருபுறம் இராமபிரானும் சீதையும் அநுமனும் தோன்ற, மறுபுறம் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் பொறித்த செப்புக்காசுகள் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. கும்பினியார் அத்தகைய காசை வெளியிட்டதேயில்லை. அவை பிற்காலத்துச் செய்பொருள்கள். ஆயினும், தெய்வவுருவம் உள்ள கும்பினிக் காசெல்லாம் போலியென்று முடிவு செய்தலும் தவறாம். என்னை? சென்னையில் வழங்கிய மூன்றுசாமி வராகன் என்னும் பொற்காசிலே தேவியர் இருவரோடு திருமால் நிற்கும் உருவம் உண்மையாகவே உண்டு. ஆதலின் வரலாற்றறிவே முதற் காவல் என்க.

இனிச் சோதிக்கும் முறைகளைக் கூறுவாம். விக்டோரியா அரசியார் காலத்து ரூபாயின் நிறை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதே அளவும் கனமும் கொண்டு செம்புநிக்கற் கலவையாற் செய்த போலி ஏறத்தாழ 10 கிராமே நிற்கும். கனத்தைக் கூட்டி நிறையைச் சரிசெய்திருப்பின், ஆர்க்கிமிடீசு கண்ட வழி துணைசெய்யும். காசை மெல்லிய நூலிற் கட்டித் தராசிலே தொங்கவிட்டு நீரில் முற்றும் அமிழ்த்தினால், மெய்யான ரூபாய் ஏறத்தாழ 1.13 கிராம் நிறை குறைந்து காணும். செம்புநிக்கற் போலி 1.3 கிராம் வரை குறையும். பின்னர் விளிம்பை நோக்குக. வார்த்த காசின் விளிம்பில் இரண்டச்சுக்களின் பொருத்துக்கோடு தெரிதலும், பரப்பிலே நுண்ணிய குழிகள் காணப்படுதலும், எழுத்துக்கள் மழுங்கியிருத்தலும் உண்டு. இறுதியில் ஆண்டெண்ணையும் அச்சகக் குறியையும் உருப்பெருக்கியில் நோக்கி, ஐயமற்ற காசொன்றின் படத்தோடு ஒப்பிடுக. இவற்றுள் ஒன்றே போதுமென்று அமைதல் கூடாது.

அஞ்சல்தலை திரட்டுவோர்க்கும் இவ்விடர் உண்டு. பிரான்சில் வாழ்ந்த ழான் தெ ஸ்பெராட்டி (1884–1957) என்பார், விலைமலிந்த மெய்யான பழந்தலைகளின் அச்சை மருந்தினாற் போக்கி, அதே தாளிலே அரிய தலைகளை அச்சிட்டார். தாளும் துளைகளும் மெய்யாதலின் வல்லுநரும் மயங்கினர். 1942-ஆம் ஆண்டில் அவர் அயல்நாட்டிற்கனுப்பிய தலைகளைச் சுங்க அதிகாரிகள் பற்றினபோது, வல்லுநர் அவற்றை மெய்யென்றே கூற, அவை தம் கைவேலையென்று அவரே கூறவேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியான காந்தியடிகள் பத்து ரூபாய்த் தலையில், கவர்னர் ஜெனரலின் உபயோகத்திற்காகச் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டவை மிகச் சிலவே. மெய்யான தலையின்மீது பொய்யான அவ்வெழுத்தைப் பதித்து விற்பார் உளர்.

அங்ஙனமாயின் அயல்நாட்டாரிடம் வாங்கவே கூடாதோ எனின், கூடும். ஆனால் முறையறிந்து வாங்குக. படம் அக்காசினுடையதுதானா, வேறிடத்திலிருந்து எடுத்ததா என்று தெளிக. வேண்டின் விளிம்பின் படத்தையும் கேட்டுப் பெறுக. அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் காசைச் சோதித்து எண்ணிட்ட கண்ணாடிபோன்ற பேழையில் அடைத்துத் தருகின்றன. அவ்வெண்ணை அந்நிறுவனங்களின் தளத்திலேயே சரிபார்க்கலாம். ஆயினும் பேழையையும் எண்ணையுமே போலியாகச் செய்வார் உளராதலின், அங்குள்ள படத்தோடு காசின் கீறல்களையும் ஒப்பிடல் வேண்டும். பணத்தை வணிகரின் கணக்கிற்கு நேரே அனுப்பாது, முறையீட்டிற்கு இடந்தரும் வழியிற் செலுத்துக. பொதியைப் பிரிப்பதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, அன்றே சோதிக்கத் தொடங்குக.

மற்றொன்று. நூறாண்டுக்குக் குறையாத தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்புதலை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது. ஆதலின் ‘பிடிக்காவிடின் திருப்பியனுப்புக’ என்னும் உறுதிமொழியை மட்டும் நம்பிப் பழங்காசு வாங்குதல் தகாது. விற்க விரும்புவோரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பழங்காசையும் பழநோட்டையும் வாங்குவதாகக் கூறித் தன் பெயராற் கட்டணம் பறிப்போரைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எச்சரித்துள்ளது.

எல்லாவற்றினும் மேலானது மெய்க்காசைக் கண்டு கண்டு கண்ணைப் பழக்குதல். எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பகுதி நமக்கு அணித்தே உளது. அங்கே செலவிடும் ஒரு பிற்பகல், பல ஆயிரம் ரூபாயைக் காக்கும்.

குமணன்சாவடி மாணவரின் கதையை முடித்துவிடுவோம். அவ்வொன்பதை நம்பி வாங்குதற்கு மற்றொருவர் முன்வந்தார். விற்றிருப்பின் இழந்த பொருள் மீண்டிருக்கும். மாணவர் இரண்டு நாள் எண்ணினார்; அக்காலத்திற் கல்லூரிக் கட்டணமும் நிலுவையாயிருந்தது. மூன்றாம் நாள் அக்காசை உறையிலிட்டு, மேலே ‘போலி’ என்று மையால் எழுதி எம்மிடம் தந்து, புதிதாகத் திரட்டத் தொடங்கும் மாணவர்க்குக் காட்டுமாறு வேண்டினார். அவ்வுறை எம் மேசையில் உளது. அதனுள்ளிருக்கும் நாணயம் பொய்; அதன்மேல் எழுதிய கையின் நாணயம் மெய்.