உறைந்த இறைச்சியும் உருகாத வினாவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொலைக் கதை என்றதும் நம் மனத்தில் எழும் முதல் வினா, "கொன்றவர் யார்?" என்பதுதான். அந்த வினாவுக்கு விடையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டு, அதன் பிறகும் நம்மை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்கும் கதை உண்டா? உண்டு. 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான "லாம்ப் டு தி ஸ்லாட்டர்" என்ற அரைமணி நேர நாடகம் அத்தகையது. "ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்" என்ற புகழ்பெற்ற தொடரில் வந்தது. அத்தொடரின் அரைமணிப் பகுதிகள் இருநூற்றுக்கும் மேல். ஹிட்ச்காக் தாமே இயக்கியவை அவற்றுள் பதினேழுதான். அந்தப் பதினேழில் இதுவும் ஒன்று.

மூலக்கதையும் திரைக்கதையும் ரோல்ட் டால் எழுதியவை. 1964-இல் சாக்லேட் தொழிற்சாலைக் கதை எழுதிக் குழந்தைகளைக் கவர்ந்த அதே டால்தான்! இந்தக் கதை 1953-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வெளிவந்தது. தலைப்புக்குப் பொருள், "வெட்டுக்குப் போகும் ஆட்டுக்குட்டி" என்பதாகும். ஒன்றும் அறியாமல் பலிக்குச் செல்வோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் விவிலியத் தொடர் இது. கதையில் அந்த ஆட்டுக்குட்டி யார் என்பதைப் படிப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

கதை மிகச் சிறியது. மேரி மலோனி கருவுற்றவள். காவல்துறையில் பணிபுரியும் கணவன் மாலையில் வீடு திரும்பி, உன்னை விட்டுப் பிரியப் போகிறேன் என்கிறான். தொலைக்காட்சி நாடகத்தில் காரணம் வேறொரு பெண். மேரி அழவில்லை, சண்டையிடவில்லை. இரவு உணவு சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உறைபெட்டியிலிருந்து கல்லாய் இறுகிய ஆட்டுத்தொடை ஒன்றை எடுத்து வருகிறாள். எனக்கு உணவு வேண்டாம், வெளியே போகிறேன் என்கிறான் அவன். ஆட்டுத்தொடை அவன் பின்மண்டையில் இறங்குகிறது. பின்னர் அதை அடுப்பில் வேக வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வருகிறாள், காவலர்களை அழைக்கிறாள். அவர்கள் வீடெங்கும் ஆயுதத்தைத் தேடிக் களைத்துப்போய், அவள் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி அந்த இறைச்சியையே உண்கிறார்கள். ஆயுதம் நம் மூக்குக்கு நேர் கீழேதான் இருக்கக்கூடும் என்று ஒருவர் சொல்ல, அடுத்த அறையில் மேரி சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

எங்கள் விடுதியில் ஒரு சனிக்கிழமை இரவு ஒரே மடிக்கணினியைச் சுற்றிப் பதினொருவர் அமர்ந்து இதைப் பார்த்தோம். நாடகம் ஓடியது அரைமணி. வாதம் ஓடியது நள்ளிரவு வரை. அங்கு எழுந்த கருத்துகளை எழுதி வைப்பது பயனுடையது என்று தோன்றியது.

முதலில் கிளம்பியது அறிவியல் ஐயம். "உறைந்த தொடை அவ்வளவு சீக்கிரம் வேகுமா? கதை இங்கேயே உடைந்துவிட்டது" என்றார் வேதியியல் நண்பர் ஒருவர். பலரும் தலையாட்டினர். நான் காகிதம் எடுத்தேன். தொடையின் எடை 3 கிலோ என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 2 கிலோ நீர். உறைபெட்டியின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து சுழியத்திற்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிலோ ஜூல் வெப்பம் போதும். ஆனால் 2 கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும், கிலோவுக்கு 334 வீதம், 668 கிலோ ஜூல் வேண்டும். உருகிய இறைச்சியை 70 டிகிரி வரை சூடேற்ற இன்னும் சுமார் 700. ஆக, வேக வைக்கச் செலவாகும் வெப்பம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் உருக்குவதற்கே போய்விடுகிறது. முதலாண்டில் உள்ளுறை வெப்பத்தை மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது அது ஒரு கொலைக்காரியின் கடிகாரம் என்று யார் கண்டார்கள்!

இரு மடங்கு வெப்பம் என்றால் நேரமும் இரு மடங்கு ஆகவேண்டியதில்லை. பனிக்கட்டி நீரைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உறைந்த பொருளுக்கும் அடுப்புக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடும் மிகுதி. எனவே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் என்பது பொதுவான சமையல் கணக்கு. இரண்டு மணியில் வேகக்கூடியது மூன்று மணியில் வேகும். மூலக்கதையில் கணவன் வீடு வருவது மாலை 5 மணிக்குச் சற்று முன். மேரி கடைக்குக் கிளம்புவது 6 மணி அளவில். காவலர் தேடிக் களைப்பது 9 மணி அளவில். டால் கணக்கில் தவறவில்லை.

அடியைப் பற்றிய ஐயத்தையும் இதே இடத்தில் தீர்த்துவிடலாம். மென்மையான இறைச்சி மோதினால் நசுங்கும். நசுங்க நேரம் பிடிக்கும். மோதும் பரப்பும் விரியும். உந்தம் அதுவேயானாலும் நேரம் நீண்டால் விசை குறையும். உறைந்த இறைச்சி நசுங்காது. அதே உந்தம் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள், எலும்பு முனை அளவான இடத்தில் முடிகிறது. மண்டை தாங்காது. ஹிட்ச்காக் இந்த இயற்பியலை நன்கு அறிந்தவர் என்பது அவருடைய முடிவுரையில் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அறிவியல் அடங்கியதும் அறம் கிளம்பியது. அவள் கொலைகாரி அல்லள், நொடிப்பொழுதில் நிலை தவறியவள் என்றனர் ஐவர். "நொடிப்பொழுது என்பது அடியோடு முடிந்தது. அடுப்பைப் பற்ற வைத்தாளே, அது எந்த நொடி?" என்று கேட்டார் வரலாற்றுப் பிரிவு நண்பர். இதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. மூலக்கதையில், கடைக்காரரிடம் பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். அது நிலை தவறியவள் செய்யும் செயலன்று. ஆனால் அவள் எண்ணத்தில் ஓடுவது தன் உயிர் அன்று. கருவுற்றவளைத் தூக்கிலிட்டால் வயிற்றுப் பிள்ளையை என்ன செய்வார்கள் என்பதே.

இன்னொருவர், கணவனுக்கு யாரும் பேசவில்லையே என்று வருந்தினார். அவன் பணம் தருவதாகச் சொன்னான். வஞ்சித்தாலும் முகத்துக்கு நேரே சொன்னான் என்பது அவர் வாதம். இதில் ஓர் உண்மை உண்டு. மூலக்கதையில் அவன் சொன்னதை டால் நமக்குச் சொல்வதே இல்லை. சொல்லி முடிக்க நான்கைந்து நிமிடம் ஆயிற்று என்பதோடு விட்டுவிடுகிறார். திரையில் அப்படி விட இயலாது; அவனைப் பேச வைக்க வேண்டும். என் கருத்தில் கதையின் மௌனமே கொடியது. ஒரு குடும்பம் முடிவதற்கு நான்கைந்து நிமிடம்! (கணவனாக நடித்த ஆலன் லேன் பின்னாளில் "மிஸ்டர் எட்" தொடரில் பேசும் குதிரைக்குக் குரல் கொடுத்தவர் என்று அறிந்ததும் விடுதியே அதிர்ந்தது. பாவம், அவர்மீது இருந்த கோபம் பாதி போய்விட்டது.)

மேரியாக நடித்தவர் பார்பரா பெல் கெடஸ். அதே 1958-இல் ஹிட்ச்காக்கின் "வெர்டிகோ" திரைப்படத்திலும் காதலுக்கு ஈடாகக் காதல் பெறாத பெண்ணாக நடித்தவர். அவருடைய முகத்தைக் கவனியுங்கள். செய்தி கேட்ட பிறகு அந்த முகம் ஒன்றுமே செய்வதில்லை. அங்கேதான் நாம் அவள் பக்கம் சாய்கிறோம். அதிர்ச்சிக்கும் தவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்போருக்குத் தெரியாவிட்டால் பிறப்பது தவிப்பு. இங்கே குண்டு அடுப்பில் வேகிறது. காவலர்க்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதால், அவள் மறைப்பதை நாமும் சேர்ந்தே மறைக்கிறோம். காவலர் அடுப்பருகே சென்றபோது, "திறந்துவிடாதே" என்று எங்கள் அறையில் முணுமுணுத்தவர், சற்று முன் சட்டம் பேசிய அதே வரலாற்று நண்பர்!

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது அம்மாவுக்கும் இதைப் போட்டுக் காட்டினேன். அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். ஆங்கிலம் தெரியாது; நான் இடையிடையே நிறுத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். விடுதியில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த விருந்துக் காட்சியில் அம்மா சிரிக்கவில்லை. "அம்புட்டையும் கேட்டுட்டும் அவனுக்கு ஆக்கிப் போடத்தானேடா போனா" என்றார். எங்கள் பெரியப்பா வேறொருத்தியோடு ஊரைவிட்டுப் போன அன்று, பெரியம்மா ஒரு சொல்லும் பேசாமல் வழக்கம்போல் உலை வைத்து, அவருக்கும் சேர்த்தே அரிசி போட்டாராம். இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத செய்தி இது. பதினொரு பட்டதாரி மாணவர்கள் நள்ளிரவு வரை வாதிட்டும், மேரி உறைபெட்டியைத் திறந்தது ஆயுதம் தேடி அன்று, கணவனுக்குச் சோறாக்க என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

இனி முடிவுரை. குற்றவாளி தப்புவதாகக் காட்டி முடித்தல் அக்காலத் தொலைக்காட்சிக்கும் விளம்பரதாரர்க்கும் ஆகாது. ஆகவே ஹிட்ச்காக் இறுதியில் தோன்றி, முகம் மாறாமல் ஒரு செய்தி சொல்வார்: மேரி தன் இரண்டாம் கணவனையும் அதே வழியில் கொல்ல முயன்றாள், அவனோ மறதிக்காரன், உறைபெட்டிக்கு மின் இணைப்புக் கொடுக்க மறந்திருந்தான், இறைச்சி குழைந்து கிடந்தது, பிடிபட்டாள்! மோதலின் நேரம் நீண்டது, விசை குறைந்தது என்று நாம் எழுதிக்கொள்ளலாம். விடுதியில் பெருத்த கைதட்டல் இதற்குத்தான். எனக்கு இது சிரிப்பாகவும் இருந்தது, ஏமாற்றாகவும் இருந்தது. அவளை வழக்கமான கொலைகாரி ஆக்கிவிட்டால், அதுவரை அவளுக்குத் துணை நின்ற நம் மனம் எளிதாகக் கைகழுவிக் கொள்கிறது. மூலக்கதையில் இந்த வசதி கிடையாது, சிரிப்போடு நின்றுவிடுகிறது. 1979-இல் இங்கிலாந்தில் "டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டட்" தொடருக்காக இதே கதையை மீண்டும் படமாக்கினர். இரண்டையும் பார்த்து ஒப்பிட விரும்புவோர் மூலக்கதையை முதலில் படித்துவிடுதல் நல்லது.

அம்மாவுக்கு அந்த முடிவுரையையும் மொழிபெயர்த்தேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பிள்ளை என்னாச்சு?" என்றார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் கணவன் வருகிறான், உறைபெட்டி வருகிறது, இறைச்சி வருகிறது. பிள்ளையைப் பற்றி ஹிட்ச்காக் ஒன்றும் சொல்லவில்லை.