அம்மம்மாவின் கொதித்தாறிய நீர்

மொன்றியலில் குழாய்த்தண்ணீரையும் கொதிக்கவைக்கும் அம்மம்மாமாரைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அதே சந்தேகத்தை 1988இல் ஆராயத் தொடங்கினார் இங்குள்ள நுண்ணுயிரியலாளர் பியேர் பேமோன். புறநகரில் சுமார் 600 வீடுகளைத் தெரிந்து, பாதிக்கு வடிகட்டி பொருத்தினார். வடிகட்டி இல்லாத வீடுகளில் வயிற்றுக்கோளாறு கூடுதலாக இருந்தது. அதில் 35 வீதம் தண்ணீரால் வந்ததென மதிப்பிட்டார். அந்நீரோ கொலிபோம் பக்ரீரியாச் சோதனையில் சித்தியடைந்த நீர்! சில வைரஸ்கள் அந்தப் பக்ரீரியாவைவிடக் குளோரினை அதிகம் தாங்கும்.

பின்னர் மெல்பேர்ணில், போலி வடிகட்டிகளும் பொருத்தி 600 குடும்பங்களை அவதானித்தபோது வேறுபாடு தெரியவில்லை. அங்கே நீர் பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து வருவது. பேமோன் ஆராய்ந்தது கழிவுநீர் கலந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது.

இங்கே நகரசபை அறிவித்தால் கொதிக்கவையுங்கள். ஊருக்குப் போனால், மலசலகூடக் குழிக்கு அருகிலுள்ள கிணற்றுநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அம்மம்மா சொல்வதைக் கேளுங்கள்.