மண்வெட்டி முதலிய கருவிகளின் உறுதி குன்றுவதேன்?

வரப்புக் கட்டும் நாளில் மண்வெட்டியின் இலை மடங்கிப்போனால், ஆளுக்குக் கொடுத்த கூலியும் வீணாகிறது. முறை வைத்து வந்த தண்ணீரும் அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. கருவியின் விலையைக் காட்டிலும் இந்த நஷ்டமே பெரிது. ஆகையால் இக்காலத்துக் கருவிகள் முன்போல் உழைப்பதில்லை என்று குடியானவர்கள் கூறும் குறை ஆராயத் தக்கதேயாகும்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பாட்டனார் காலத்துக் கோடாலி இன்றும் வீட்டில் இருக்கிறது என்பதனால் அக்காலத்துக் கோடாலிகள் யாவும் நல்லவை என்று ஏற்படாது. அன்று வாங்கியவற்றில் மட்டமானவை எப்பொழுதோ பழைய இரும்புக்குப் போயின. நல்லவை மாத்திரமே நம் கண்ணுக்கு எஞ்சியுள்ளன. இதைத் தள்ளிப் பார்த்தாலும் குறையில் பெரும்பகுதி மெய்யென்றே தோன்றுகிறது.

கருவியின் உறுதி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, இரும்பில் கலந்துள்ள கரியின் அளவு. நூற்றுக்கு 0.25 பங்குக்குக் குறைவாகக் கரியுள்ள சாதாரண இரும்பை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது வேண்டிய கடினத்தை அடையாது. வெட்டும் கருவிகளுக்கு ஏறக்குறைய 0.5 முதல் 0.8 பங்கு வரை கரி வேண்டும். அரத்திற்கு 1 பங்குக்கு மேலும் வேண்டும். லாரிகளின் பழைய வில்பட்டைகளைக் கிராமக் கொல்லர் தேடி வாங்கி அரிவாள் அடிப்பது இக்காரணத்தினாலேதான். மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி வெட்டி, காம்பு நுழையும் வளையத்தைப் பற்றவைத்து, மேலே பளபளப்பான வர்ணம் பூசி விற்கும் மண்வெட்டியில் எந்த இரும்பு இருக்கிறதென்று கண்ணால் அறிய முடியாது.

மற்றொன்று தோய்ச்சல். எஃகை ஏறக்குறைய 800 டிகிரி சென்டிகிரேடு வரை செஞ்சூடாகக் காய்ச்சுதல் வேண்டும். காந்தம் ஒட்டாமற்போகும் நிலையை உலையடியில் கவனித்து, அதற்குச் சற்று மேலே சூடேற்றினால் பதம் சரியாக இருக்கும். அப்பொழுதே எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் எஃகு கடினமாகிறது; ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியதாகவும் ஆகிறது. எனவே அதைத் துலக்கி மறுபடி மெல்லச் சூடேற்றவேண்டும். அப்பொழுது மேற்பரப்பில் வைக்கோல் நிறம் 230 டிகிரி அளவிலும், பழுப்பு 255 அளவிலும், நீலம் 300 அளவிலும் தோன்றும். அரிவாளுக்குப் பழுப்பிற்குள் நிறுத்துவது நலம். அடியும் அதிர்ச்சியும் தாங்கவேண்டிய மண்வெட்டிக்கும் கடப்பாறைக்கும் நீலம் வரை விடலாம். மலிவாக விற்பதற்கென்றே செய்யப்படும் சாமான்களில் முதலில் குறைக்கப்படுவது இந்த இரண்டாம் சூடுதான். அதற்கு எரிபொருளும் நேரமும் வேண்டும். அது இல்லாததை வாங்குவோர் கடையில் கண்டுபிடிக்க மாட்டார். இலை மடங்கினால் தோய்ச்சல் போதவில்லை, அல்லது இரும்பு மட்டம். வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால் இரண்டாம் சூடு கொடுக்கப்படவில்லை.

இதைச் சோதிக்க ஒரு நல்ல அரம் போதும். வெட்டும் வாயின் ஓரத்தில் லேசாக அராவினால், மெத்தென்று பிடித்து அரம் தூள் எடுக்குமாகில் அது சாதாரண இரும்பு. வழுக்கிக்கொண்டு போனால் கடினமுள்ளது. சாணைச்சக்கரத்தில் பிடித்தால் சாதாரண இரும்பின் பொறி நீண்டு கிளையின்றிப் போகும். கரி மிகுந்த எஃகின் பொறியோ மத்தாப்புப்போல் நுனியில் பலவாக வெடிக்கும். சாணை பிடிக்கும்போது வாய் நீலமாகும்படி அழுத்துவோரும் உளர். அப்படிச் செய்தால் தொழிற்சாலை ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விடுகிறது. இதற்குச் செய்தவனைக் குறை சொல்லி யாது பயன்?

பட்டறைச் சாமான்களில் அபாயமும் உண்டு. சுத்தியலின் முகத்தை மற்றொரு சுத்தியலால் அடித்தால் எஃகுச் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். மட்டமான வார்ப்பில் செய்த ஸ்பானர் வாய் விரிந்து நட்டின் முனைகளை மழுக்கிவிடும். திடீரென வழுக்கினால் கை எலும்பு முறியவும் கூடும்.

இயந்திரங்களிலோ காரணம் வேறு. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பக்கத்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பஞ்சைக் கத்தரிக்கும் யந்திரத்தைக் கண்டு, புல் வெட்டும் யந்திரத்திற்கு உரிமை பெற்றார். அதன் பல்சக்கரங்கள் இரும்பால் ஆனவை. கெட்டால் பட்டறையில் செப்பனிடலாம். இன்று வரப்புப் புல்லுக்கு வாங்கும் யந்திரங்கள் சிலவற்றில் பிளாஸ்டிக் பல்சக்கரமும், திறக்கவொண்ணாதபடி ஒட்டிய கூடும் இருக்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்காவிடில் ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காக முழு யந்திரமும் மூலையில் கிடக்கும். ஆயினும் பாதிப் பழுது உரிமையாளராலேயே நேர்கிறது. இருவீச்சு என்ஜினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்தால் பிஸ்டன் சிறிது நேரத்திலேயே கீறிப் பிடித்துக்கொள்ளும். இப்பொழுது பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதனால் அது ஈரத்தை ஈர்க்கிறது. அறுவடைக்குப்பின் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது தொட்டியையும் கார்புரேட்டரையும் வெறுமையாக்குதல் அவசியம்.

பிரான்ஸ் தேசத்தில் 2021 முதல் சில சாமான்களைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாக அச்சிட்டு விற்கவேண்டுமென்று விதித்தனர். மின்சாரப் புல்வெட்டும் யந்திரமும் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் விவசாய யந்திரங்களைக் குடியானவரே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் இதன்பொருட்டு அமைக்கப்பட்ட குழு, விவசாயக் கருவிகளையும் தன் ஆராய்ச்சியில் சேர்த்தது.

இவை ஒருபுறமிருக்க, கிராம அதிகாரிகள் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மானியத்தில் யந்திரம் பெறுவோர், பல்சக்கரம், கத்தி, ஜாயின்டு ஆகியவை எந்த ஊரில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டு, விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி சொல்லலாம். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பத்திரமாயிருந்தால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தோன்றிய 2 வருஷத்துக்குள் ஜில்லா ஆணையத்தில் மனுச் செய்யலாம்; சாமானுக்குச் செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரையானால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.