வாய் கொப்புளித்தால் முரசு நோய் மாறுமா?

முரசில் இரத்தம் கசிந்தால் நம்மவர்களிடம் கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. ‘உப்புத் தண்ணியால கொப்புளிங்க’ என்பார் ஒருவர். ‘நல்லெண்ணெய்தான் சரி’ என்பார் மற்றவர். ‘எனக்குச் சுகமாகிச்சே!’ என்பதே இருவரும் காட்டும் அத்தாட்சி. அது ஏன் போதாது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

1965இல் டென்மார்க்கிலிருந்து வெளியான ஆய்வொன்றில், ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களில் அனைவருக்கும் முரசு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது வற்றிவிட்டது. பல்லில் படியும் கிருமிப் படலமே காரணம். ஆகவே, எண்ணெயால் கொப்புளிப்பவர் அந்நாட்களில் பல்லையும் கவனமாகத் துலக்கினால், சுகம் தந்தது எண்ணெயா, பிறஷ்ஷா?

இதைப் பிரித்தறியவே ஒப்பீட்டுக் குழு தேவை. ஒரே மாதிரித் துலக்கும் இரு குழுக்களில், ஒன்றுக்குப் புதிய மருந்து. மற்றதற்கு வெறும் நீர் அல்லது குளோரெக்சிடின். யாருக்கு எது என்பது முரசைப் பரிசோதிக்கும் வைத்தியருக்குத் தெரியக்கூடாது. குளோரெக்சிடின் ஏன் அளவுகோலாயிற்று? 0.2 வீதக் கரைசலால் நாளுக்கு இருமுறை கொப்புளித்தால், துலக்காவிட்டாலும் படலம் படிவதில்லை என்று 1970இல் லோவும் ஷியோட்டும் காட்டினர். ஆனால் அது பல்லில் கபில நிறக் கறையை ஏற்படுத்தும்; நாக்கின் சுவையையும் மாற்றும். மாற்று மருந்து தேடுவதன் நியாயம் இதுதான்.

சென்னையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், 20 பையன்களுக்கு நல்லெண்ணெயையும் குளோரெக்சிடினையும் 10 நாட்கள் ஒப்பிட்டனர். இரு குழுவிலும் அழற்சி குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 20 பேரில் வித்தியாசம் தெரியவில்லை என்பதால் இரண்டும் சமம் என்றாகிவிடாது. மிஸ்வாக்கும் அப்படியே: குச்சியால் தேய்ப்பது வேறு, அதன் சாற்றால் கொப்புளிப்பது வேறு. ஒன்றின் பலனை மற்றதற்கு எழுதிவிட முடியாது.

இதில் நம் நாட்டுக் கணக்கொன்றும் உண்டு. 1970 முதல் 15 ஆண்டுகள், பல் துலக்கும் பழக்கமில்லாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரை லோ குழுவினர் அவதானித்தனர். சுமார் 8 வீதத்தினருக்குப் பல்லைத் தாங்கும் இழையம் வேகமாக அழிந்தது. 81 வீதத்தினருக்கு மெல்ல அழிந்தது. 11 வீதத்தினருக்கு நோய் முரசு அழற்சியைத் தாண்டவேயில்லை. அந்தப் பதினொரு வீதத்தினரில் ஒருவர் எதைக் கொப்புளித்திருந்தாலும் ‘எனக்குச் சரிவந்திச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு நடக்கும் எட்டு வீதத்தினரில் ஒருவரின் பல்லோ ஆடத் தொடங்கியிருக்கும்.

உப்புத் தண்ணியை விடச் சொல்லவில்லை. துலக்குவதோடு சேர்த்துச் செய்யுங்கள். இரண்டு கிழமை கவனமாகத் துலக்கியும் இரத்தம் நிற்கவில்லையா, அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். முரசுக்கு அடியில் இறுகிய காறையை எந்தத் தண்ணியும் கரைக்காது.