கட்டணமில்லா நாள் யாருக்கு?

பொழுது விடியும் முன்பே கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களில் தலித் பெண்கள் ஏராளம். குமுளியை ஒட்டித்தான் தேக்கடி. நாள்தோறும் அவ்வழியே போயும் அங்கே ஒருமுறைகூடப் படகில் ஏறாதவர்கள் நம் தெருக்களில் பலர்.

அந்த ஏரி நமக்கு அந்நியமல்ல. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது அது. அதன் தண்ணீர்தான் சுரங்கம் வழியே இறங்கி நம் பள்ளத்தாக்கில் நெல்லாகிறது. அந்த வயல்களில் நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் நம் கைகள். ஏரியைச் சுற்றிய காடு 1950-இல் சரணாலயமாகவும் 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. இன்று அதைப் பார்க்க நுழைவுக் கட்டணம், படகுக்குத் தனிக் கட்டணம், வண்டிச் செலவு. போதாக்குறைக்கு அன்றைய கூலியும் போய்விடும்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களை ஆண்டில் சில நாள்கள் கட்டணமின்றித் திறக்கிறார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவு நாளும் அதில் இருந்தது. 2026-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதை நீக்கிவிட்டார்கள். அதே நாட்டின் ஷெனான்டோவா பூங்காவில் 1939-இல் கறுப்பினத்தவருக்கெனத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளை நினைவுக்கு வருகிறதா? வாசலைத் திறக்கவும் கேட்க வேண்டும். திறந்தது மூடாமலும் காக்க வேண்டும்.

தேக்கடி கேரளத்தின் பொறுப்பு. ஆனால் சுருளி அருவியும் மேகமலையும் தமிழக வனத்துறையிடம் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். அந்த வாரத்தில் ஒரு நாளையும், சமத்துவ நாளான ஏப்ரல் 14-ஐயும் இங்கே கட்டணமில்லா நாளாக்கக் கேட்போம். சீட்டு மட்டும் இலவசமானால் போதாது. ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு வாகனமும் மதியச் சாப்பாடும் வேண்டும். காட்டைப் பற்றிச் சொல்லித்தர வனப் பணியாளரும் வேண்டும். காட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான் வனக்காப்பாளர், வனச்சரகர் தேர்வெழுதும் ஆசை வரும்.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மாணவர்கள் கோரிக்கையை எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியதைப் பார்த்த பிறகே எழுந்து வாருங்கள்.