அபராத ரசீதில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்

2025 அக்டோபர் இறுதியில் பெங்களூரு திடக்கழிவு மேலாண்மை நிறுவனம் புதுவிதமான தண்டனை ஒன்றில் இறங்கியது. தெருவோரத்தில் குப்பை வீசியவர்களை, விதிமீறலைக் கண்காணிக்கும் மார்ஷல்கள் அடையாளம் கண்டு, வீட்டைத் தேடிப் போய், அவர்கள் வாசலிலேயே குப்பையைக் கொட்டினார்கள். அபராதத்தையும் விதித்தார்கள். ‘கச சுரியுவ ஹப்ப’, அதாவது குப்பை கொட்டும் விழா என்று அதற்குப் பெயர். ஒரே நாளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளில் சுமார் 2.8 லட்சம் ரூபாய் வசூலானது. நகரத்தில் பலர் இதை மெச்சினார்கள். நாற்றத்தோடு தினமும் நடந்து போகிறவர்களுக்கு அந்த மகிழ்ச்சி வருவது இயல்புதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் குப்பையை இறக்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி கடைசியாக எப்போது வந்தது? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அபராதம் நியாயமா அநியாயமா என்று சொல்ல முடியும். வண்டி தவறாமல் வரும் தெருவில் குப்பை வீசுகிறவர் குற்றவாளி. வண்டி வராத தெருவில் வீசுகிறவருக்கு நகராட்சி வேறு வழி வைக்கவில்லை.

பெங்களூரில் இது ஏன் இவ்வளவு கூர்மையான பிரச்சினையாக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டி அந்த நகரம் தெருமுனைக் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீடு வீடாக வந்து வாங்கும் முறைக்கு மாறத் தொடங்கியது. நல்ல முடிவு, தொட்டியைச் சுற்றி மாடும் நாயும் கிளறிய காலம் யாருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் அந்த முடிவோடு ஒரு கடமையும் சேர்ந்தே வந்தது. தொட்டி இல்லாத ஊரில் குப்பையைச் சட்டப்படி ஒப்படைக்க ஒரே இடம் வாசலுக்கு வரும் ஆட்டோ டிப்பர்தான். அது இரண்டு நாள் வராவிட்டால் சமையலறைக் கழிவு புழுக்கத் தொடங்கும். ஒற்றை அறையில் நான்கு பேர் குடியிருக்கும் வீட்டில் அதை எங்கே வைப்பது? ஒருவர் மின்கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போக, மறுநாள் அங்கே பத்துப் பை சேர்கிறது. நாற்றம் தாங்காமல் நகராட்சி தனியாக ஒரு வண்டி அனுப்பி அதை அள்ளுகிறது. அள்ளத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடம் பெயர் இல்லாத குப்பைத் தொட்டியாகிவிடுகிறது. ‘பிளாக் ஸ்பாட்’ என்று அதிகாரிகள் சொல்லும் இடங்களில் பல இப்படிப் பிறந்தவைதான்.

அத்திபெலேயை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனேக்கல் தாலுகாவில், ஓசூருக்கு முந்தைய எல்லை ஊர். பெங்களூரு மாநகர எல்லைக்கு வெளியே தனிப் புரசபையாக, அதாவது தனி நகராட்சியாக இருக்கிறது. மாநகரத்தின் கட்டணமும் மார்ஷலும் வேறு, இந்த ஊரின் ஏற்பாடு வேறு. ஆனால் மாநகரம் விரிந்துகொண்டே வரும் ஓசூர் சாலையில் அது இருக்கிறது. பொம்மசந்திரா, சந்தாபுரா, ஜிகணி, அத்திபெலே என்று நீளும் தொழிற்பேட்டைகளில் மூன்று ஷிஃப்ட் வேலை. தமிழ்நாட்டிலிருந்தும் ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் காலையில் தூங்குகிறார்; பகல் ஷிஃப்ட்காரர் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிட்டார். காலை ஏழரைக்கோ எட்டரைக்கோ வந்து விசில் அடித்துவிட்டுப் போகும் வண்டி இவர்களுக்கு வராத வண்டிதான். இப்படிப்பட்ட ஊரில் அபராதத்தை மட்டும் முன்னால் அனுப்பினால், அது மனிதரின் ஒழுக்கத்தை விட்டுவிட்டு அவருடைய வேலை நேரத்தையே தண்டிக்கும்.

சட்டம் இதை ஒருதலையாக எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக்காரர் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், தெருவிலோ ஏரியிலோ போடக் கூடாது, கட்டணம் செலுத்த வேண்டும் என்றன. உடனடி அபராதத்துக்கும் இடம் தந்தன. அதே விதிகள், குடிசைப் பகுதிகள் உட்பட எல்லா வீடுகளிலிருந்தும் பிரித்த குப்பையை வாசலில் வந்து வாங்க வேண்டும் என்று உள்ளாட்சிக்கும் கட்டளையிட்டன. அதற்கு இரண்டு ஆண்டு கெடுவும் வைத்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் கணக்கிடப்பட்ட சிற்றூர்களும் அந்தக் கட்டளைக்குள் அடக்கம். நம் ஊர்களில் முதல் பாதிக்கு மார்ஷலும் ரசீதுப் புத்தகமும் வந்துவிட்டன. இரண்டாம் பாதி தவறினால் ரசீது எழுத யாருமில்லை.

யாருமில்லை என்று முழுதாகவும் சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஏரி அத்திபெலேயிலிருந்து அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. சில நாட்களில், மாநிலம் முழுவதும் திட, திரவக் கழிவுகளைக் கையாளத் தவறியதற்காக மேலும் 2,900 கோடி. வாசலில் ஆயிரம் ரூபாய் கேட்கும் அரசுக்கே தீர்ப்பாயம் இவ்வளவு பெரிய ரசீது எழுதியிருக்கிறது என்பது நம் வாதத்துக்கு வலுவான சான்று. ஆனால் அதை நினைத்துத் திருப்திப்பட எனக்கு மனமில்லை. அரசு கட்டும் அபராதம் வரிப்பணம். தவறிய ஒப்பந்ததாரரின் பையிலிருந்தோ மேற்பார்க்காத அதிகாரியின் சம்பளத்திலிருந்தோ அதில் ஒரு ரூபாய் குறைவதில்லை. வலி யாருக்கும் படாத அபராதம் எதையும் திருத்தாது.

வண்டி வராத தெருவில் அபராதம் கூடாது என்ற வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு எளிதில் தள்ளக் கூடியதல்ல. பயம் இல்லாவிட்டால் யாரும் மாறமாட்டார்கள், வண்டி தினமும் வரும் தெருவிலேயே காரை நிறுத்திப் பையை வீசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கிறார்கள். லாரி லாரியாகக் கட்டட இடிபாடுகளை ஏரிக்கரையில் கொட்டுகிறவர்களும் இறைச்சிக் கழிவை இரவில் சாலையோரம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். இன்னும் பல மடங்கு கடுமை வேண்டும். நான் அபராதத்தை எதிர்க்கவில்லை. வழி இருந்தும் வீசுகிறவரையும் வழியில்லாமல் வைத்துவிட்டுப் போகிறவரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்கிறேன். மார்ஷல் கையில் சிக்குகிறவர் பெரும்பாலும் நடந்து வருகிறவர், லாரியில் வருகிறவர் அல்ல.

இரண்டாவது மறுப்பு: எல்லாரும் ‘வண்டி வரவில்லை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்களே? சொல்லட்டும், சரிபார்க்கலாம். குப்பை வண்டியில் ஜிபிஎஸ் கருவி பொருத்துவது புதிய விஷயமல்ல. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நின்றது என்பதை ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதற்குப் பார்க்க முடியுமானால், அபராதம் போடுவதற்கும் பார்க்கலாம். தவறிய நடைக்கு ஒப்பந்தப் பணத்தில் பிடித்தம் செய்யலாம். ஆனால் அந்தப் பிடித்தம் ஓட்டுநர், உதவியாளர் கூலியில் போய் விழாதபடி ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும். பெங்களூரில் 2025 மே மாதம் 12,000-க்கும் அதிகமான பவுரகார்மிகர்களுக்கு (துப்புரவுப் பணியாளர்களுக்கு) நிரந்தரப் பணி ஆணை கிடைத்தது பெரிய விஷயம்; வண்டியில் ஏறிக் குப்பை வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்வரை, பழி கடைசியில் அவர்கள் தலையில்தான் இறங்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் பெங்களூரின் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அங்கே வீட்டின் கட்டடப் பரப்பைப் பொறுத்துக் குப்பைக் கட்டணம் சொத்து வரியோடு வசூலிக்கப்படுகிறது: 600 சதுர அடிக்குள் மாதம் 10 ரூபாய், 4,000 சதுர அடிக்கு மேல் 400 ரூபாய். ஏழை வீட்டுக்குக் குறைவாக வைத்தது சரி. ஆனால் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கும் குடும்பத்துக்கும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுக்கும் குடும்பத்துக்கும் ஒரே தொகை. தென்கொரியா 1995-இலேயே இதை வேறு விதமாகச் செய்தது: விலைக்கு வாங்கிய பையில்தான் குப்பையைப் போட வேண்டும், மறுசுழற்சிப் பொருளைத் தனியே பிரித்துக் கொடுத்தால் அதற்குக் கட்டணமில்லை. பிரித்தால் செலவு குறைந்தது, மக்களும் பிரித்தார்கள். இங்கே 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு வாளி, ஒரு பை என்று பிரிக்கச் சொன்ன பிறகும் பல தெருக்களில் மக்கள் சலித்துப்போனதற்குக் காரணம், பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்ததுதான்.

அவ்வாறு கலந்த குப்பை எங்கே போகிறது என்பதையும் எல்லை ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு 2012-இல் மூடப்பட்டது. கிராமத்தார் போராடி 2014 இறுதியில் மண்டூர்க் கிடங்கையும் மூடவைத்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகே சிக்கநாகமங்கலாவில் கழிவு ஆலையின் நாற்றத்துக்கு எதிராகக் குடியிருப்போர் தெருவில் இறங்கினார்கள். நகரத்தின் குப்பைக்கு இடம் தேடும் பார்வை ஒவ்வொரு முறையும் இன்னும் வெளியே நகர்கிறது.

அத்திபெலே போன்ற ஊர் மாநகரத்தின் தவறுகளை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்தை ஒட்டி மாலையில் இன்னொரு நடை, வண்டியைத் தவறவிட்டவர் கொண்டுவந்து ஒப்படைக்க ஆள் இருக்கும் ஓர் இடம், பத்து அறை கட்டி வாடகை வாங்கும் உரிமையாளர் வாளியும் அதற்கு இடமும் தர வேண்டும் என்ற நிபந்தனை: இவற்றுக்குப் பெரிய ஆலையோ பெரிய பணமோ வேண்டாம். அதற்குப் பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுக்கலாம். அந்த ரசீதில் பெயர், முகவரி, தொகைக்குக் கீழே இன்னொரு வரி அச்சிட வேண்டும்: ‘இத்தெருவுக்கு வண்டி கடைசியாக வந்த நாளும் நேரமும்’. அந்த வரியை நிரப்ப முடியாத மார்ஷல் அபராதம் வாங்கக் கூடாது.