மேசை ரம்பத்தில் பிளேடு மாற்றுதல்

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் என் வீட்டுப் பின்கட்டில் சிறியதொரு தச்சுப் பட்டறை அமைத்துக்கொண்டேன். அங்குள்ள கருவிகளுள் தலையாயது மேசை ரம்பம். இரும்பு மேசையின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியே பல் வைத்த வட்டத் தகடொன்று தலைநீட்டிச் சுழலும். தச்சர்கள் அத்தகட்டைப் பிளேடு என்பர். நானும் அவ்வாறே வழங்குகிறேன். 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு நிமிடத்திற்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பல் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஐயமுள்ள மாணவர் சுற்றளவைக் கண்டு பெருக்கிப் பார்க்கலாம்.

பல் மழுங்கினால் வெட்டுமுகம் கருகும். பலகையை அழுத்தித் தள்ள நேரும். அழுத்தித் தள்ளும் கையே வழுக்கிப் பிளேட்டின்மீது விழும் கை. மழுங்காவிடினும் மாற்ற வேண்டிய வேளையுண்டு. நாரோட்டத்தின் வழியே அறுக்க 24 பற்கள் உள்ள பிளேடும், குறுக்கே அறுக்க 60 பற்களோ அதற்கு மேலோ உள்ளதும் ஏற்றவை.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள், வேப்பம்பலகை ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. வீணே காத்திருப்பானேன், இப்பொழுதே பிளேட்டை மாற்றுவோம் என்று எண்ணி, பலகையை அகற்றினேன். பிளவின் மூடியைக் கழற்றினேன். ஸ்பேனரை மேசைமேல் வைத்தேன். நட்டு சரியாகத் தெரியாமையால் மூக்குக் கண்ணாடி எடுக்க உள்ளே சென்றேன். அப்பொழுது பட்டறையில் ரம்பம் இரைந்தது. மின்சாரம் திரும்பிவிட்டது, சுவிட்சை நான் அணைக்கவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கவனத்தைப் போதித்தவன், வாயிற்படியில் சற்று நேரம் அசையாது நின்றேன்.

மின்சாரம் நிற்பது வேறு. மின் தொடர்பை அறுப்பது வேறு. சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கி, அதைக் கண்ணுக்குத் தெரியுமாறு மேசைமேல் வைத்த பின்னரே இப்பொழுது நான் ஸ்பேனரைத் தொடுகிறேன். சுவிட்சையும் மாற்றிவிட்டேன். புதிய சுவிட்சினுள் ஒரு மின்காந்தச் சுருள் இருக்கிறது. மின்னோட்டம் உள்ளவரை அது தொடர்பைப் பிடித்து நிற்கும். நின்றதும் வலுவிழக்க, ஒரு வில் தொடர்பைப் பிரித்துவிடும். மீண்டும் நாம் அழுத்தினாலன்றி ரம்பம் ஓடாது.

இனி நட்டைக் கழற்றும் திசை. இதில் பலரும் இடர்ப்படுவர். மோட்டார் ஓடத் தொடங்குகையில் அச்சு உடனே திரும்பும். நட்டோ தன் நிலைமத்தால் பின்தங்கப் பார்க்கும். பின்தங்குவதென்பது, அச்சை நோக்க, எதிர்த்திசையில் திரும்புவதே ஆகும். அவ்வாறு திரும்பினால் இறுகும்படியாகவே மரை வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பிளேடு சுழலும் திசையில் திருகினால் நட்டு கழலும். உங்கள் வீட்டு மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் திருகும் இத்தகையதே. அதனால்தான் அது வழக்கத்திற்கு மாறாக வலப்புறம் திருகினால் கழல்கிறது.

ஸ்பேனரைத் திருகும்போது பிளேடு உடன் சுழலாதிருக்க, பற்களுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்கலாம். கழற்றிய பிளேட்டை இரும்பின்மேல் வைத்தலாகாது. பல்முனையில் பொருத்தியுள்ள டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினமானது. ஆயினும் எளிதில் உடைந்துவிடும்.

புதிய பிளேட்டின்மேல் பொறித்துள்ள உச்ச வேகம் நம் ரம்பத்தின் வேகத்திற்குக் குறைந்திருத்தல் ஆகாது. அதை மாட்டுமுன் வாஷர்களின் முகத்தைத் துணியால் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டிய மரத்தூள் மயிரிழை அளவு கோணல் செய்தால், பிளேட்டின் விளிம்பில் அது நான்கைந்து மடங்காகத் தோன்றும். வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர் காரணம் உணர்வர். மேற்புறத்துப் பற்கள் நம்மை நோக்கி இருக்குமாறு மாட்டி, நட்டை எதிர்த்திசையில் அளவாக இறுக்குதல் போதும்.

பின்னர் முட்டுக்கட்டையை எடுத்து, பிளேட்டைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். எங்கும் உராயவில்லையெனில் மூடியைப் பொருத்தி, ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டிவிட்டுச் செருகியைச் செருகுவேன். பிளேட்டுக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஓசையைக் கேட்ட பின்பே பலகையைக் கையில் எடுப்பேன்.